லேப்டாப் இல்லாமல் லடாக் போட்டோக்கள்: என் அனுபவம்

லேப்டாப்பைச் சுமக்க மனமில்லாமல் லடாக்குக்கு கேமரா, கார்டுகள், ஆண்ட்ராய்டு போன், ஒரு போர்ட்டபிள் டிஸ்க், இவ்வளவோடு போய் வந்தேன். எடுத்த படங்களுக்கு இன்னொரு காப்பி வைக்கக் கிளவுடை நம்பிப் போகாதீர்கள். நம்மூர் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. போஸ்ட்பெய்டு இருந்தாலும், லே ஊரைத் தாண்டினால் ரா பைல்களை (கேமரா தரும் பெரிய அசல் பட பைல்கள்) ஏற்றும் அளவுக்கு சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தேன். பழைய ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கை ஓடிஜி (போனில் டிஸ்க், பென் டிரைவ் மாட்ட உதவும் வசதி) வழியாகப் போனில் செருகினால் விளக்கு எரிகிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப்பையன் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டான். "டிஸ்க் நல்லாதான் இருக்கு சார். சுத்துறதுக்கு கரண்ட் பத்தல, உங்க போன் அவ்ளோ குடுக்காது" என்றான். தனியாக சார்ஜர் செருக வழியுள்ள ஒரு யூஎஸ்பி ஹப்பை எடுத்து அதில் பவர் பேங்க்கை மாட்டினான். டிஸ்க் சர்ரென்று சுழல, போனில் போல்டர்கள் வந்துவிட்டன. டிஸ்க், கார்டு ரீடர் இரண்டையும் அதே ஹப்பில் செருகிவிட்டால் போனிலிருந்தே காப்பி போடலாம்.

ஹப்பை வாங்கினேன், ஆனால் அந்த டிஸ்க்கை எடுத்துப் போகவில்லை. சுழலும் டிஸ்க்கில், தகட்டைப் படித்து எழுதும் ஹெட் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. உயரம் போகப் போகக் காற்று மெலியும், ஹெட் தகட்டில் உரசும் அபாயம் கூடும். பல டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் வரைதான் இயக்கலாம் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. லே ஊரே சுமார் 3,500 மீட்டர், பாங்காங் ஏரி 4,200க்கும் மேல். அதனால் சுழலும் தகடே இல்லாத எஸ்எஸ்டியை வாங்கினேன். விலை உறுத்தத்தான் செய்தது. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை, பழைய டிஸ்க்கே போதும்.

என் போனின் டைப்-சி போர்ட் யூஎஸ்பி 2.0 வேகம்தான். 64 ஜிபி கார்டு நிறைந்திருந்தால் சுமார் ஒரு மணி நேரம் போய்விடும். நடுவில் பேட்டரி சேவர் புகுந்து காப்பியை நிறுத்திவிடும், அதை அணைத்துவிடுங்கள். சில போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் தனியாக ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

கூட வந்த மச்சானிடம் ஐபோன். ஐஓஎஸ் 13 முதல் பைல்ஸ் ஆப்பிலேயே வெளி டிஸ்க் தெரியும், ஆனால் விண்டோஸின் என்டிஎப்எஸ் முறையில் பார்மேட் செய்த டிஸ்க்கில் எழுத முடியாது. அதனால் எஸ்எஸ்டியைச் சென்னையிலேயே இரண்டு போன்களிலும் எழுதக்கூடிய எக்ஸ்-பேட் (exFAT) முறைக்கு பார்மேட் செய்துவிட்டுத்தான் கிளம்பினோம். நல்லதாகப் போயிற்று, அவன் எடுத்த வீடியோக்களும் அதிலேயே ஏறின.

காப்பி முடிந்ததும் பைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, கடைசியில் உள்ள நாலைந்து படங்களைத் திறந்து பார்ப்பேன். கார்டுகளை அழிக்கவில்லை. கார்டுகள் என் பையில், எஸ்எஸ்டி மச்சான் பையில். பவர் பேங்க்கை எப்படியும் செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள், அது என் கைப்பையோடு வந்தது.