புதுப்பிப்பு: துரித உணவகக் கவுன்டரிலிருந்து ஷிப்ட் மேற்பார்வையாளர் வரை

துரித உணவகத்தில் கவுன்டர் வேலையில் சேர்ந்த நான், இதே துறையில் மேலே போக என்ன வழி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போது ஷிப்ட் மேற்பார்வையாளர் ஆகிவிட்டேன்.

கைகொடுத்தது, "சரக்குக் கணக்கைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்" என்ற யோசனைதான். முதலில் சுடும் கிரில், பொரிக்கும் ஃப்ரையர் என எல்லா இடத்திலும் நின்று பழகினேன். அப்புறம் இருப்பு எண்ணுவது, பழைய சரக்கை முதலில் எடுப்பது, வீணானதைக் குறித்து வைப்பது எல்லாம் மேலாளரிடம் கேட்டுக் கற்றேன். விற்பனையில் மூலப்பொருள் செலவு எத்தனை சதவீதம் என்று கணக்கிடத் தெரிந்ததும் அவர் என்னிடம் பேசும் விதமே மாறியது. உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் உதவியது.

எதிர்பாராதது ஒன்று: மேற்பார்வையாளர் வேலைக்கான நேர்காணலில் வேலை செய்யும் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கூட்ட நேரத்தில் இருவர் வராவிட்டால் யாரை எங்கே நிறுத்துவீர்கள் என்றுதான் கேட்டார்கள். அடுத்து உதவி மேலாளர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.