12 லட்சத்துக்கு லீஸ் வீடு: எடுக்கலாமா, வாடகையிலேயே இருக்கலாமா, கடன் வாங்கி ஃபிளாட் வாங்கலாமா?

கேள்வி: குரோம்பேட்டைக் குடித்தனம்

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். பிடித்தம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 82,000 ரூபாய் கைக்கு வருகிறது. குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 17,000 ரூபாய் வாடகையும் ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸும் கொடுத்து 4 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அடுத்த மாதம் முதல் வாடகையை 20,000 ஆக்கப்போவதாகவும், சம்மதமில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுமாறும் உரிமையாளர் சொல்லிவிட்டார். மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான் என்பதால் பள்ளியை விட்டு வெகுதூரம் போக இயலாது.

சேமிப்பாக 14 லட்சம் ரூபாய் இருக்கிறது. மேடவாக்கத்தில் ஒருவர் தம் ஃபிளாட்டை 12 லட்சத்துக்கு 3 ஆண்டு லீஸாகத் தருவதாகச் சொல்கிறார். மாத வாடகை கிடையாது, காலம் முடிந்ததும் முழுத் தொகையும் திரும்பிவிடும். அதே கட்டடத்தில் இதே அளவு வீட்டுக்கு வாடகை 17,000 ரூபாய். இன்னொரு பக்கம், கூடுவாஞ்சேரியில் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் ஒன்று 52 லட்சத்துக்கு வருகிறது. வாடகை என்பது தண்ணீரில் கரைத்த பெருங்காயம் என்கிறார் என் மாமனார். லீஸ் எடுத்தால் 3 ஆண்டு வாடகையைச் சேமித்து, பிறகு வீடு வாங்கலாம் என்பது என் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: வேளச்சேரிவாசி

அந்த 12 லட்சத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 17,000 என்றால் ஆண்டுக்கு 2,04,000 ரூபாய் வாடகையை அவர் விட்டுக்கொடுக்கிறார். 12 லட்சத்துக்கு அது 17 சதவீத வட்டி. சொந்த வீட்டை அடமானமாக வைத்தால் வங்கியில் இதைவிடக் கணிசமாகக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும்போது, ஒருவர் ஏன் உங்களிடம் 17 சதவீதத்துக்கு வாங்குகிறார்? பெரும்பாலும் வங்கி அவருக்குக் கொடுக்காது என்பதால்தான். வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருக்கும்; அல்லது இப்போது குடியிருக்கும் பழைய லீஸ்காரருக்குக் கொடுக்க அவரிடம் பணம் இருக்காது, உங்கள் பணம் அந்த லீஸ்காரருக்குப் போகும், 3 ஆண்டு கழித்து உங்களுக்குக் கொடுக்க உரிமையாளர் இன்னொரு குடும்பத்தைத் தேடுவார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். 2018இல் 8 லட்சம் கொடுத்து லீஸுக்குப் போனேன். உரிமையாளர் மிகவும் மரியாதையானவர், பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவார். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவர் தவணை கட்டி ஓராண்டுக்கு மேலாகிவிட்டதாம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். என்னிடம் இருந்தது நோட்டரி முத்திரை வைத்த ஒரு பத்திரத்தாள் மட்டுமே. வங்கியின் கடன் என் லீஸுக்கு முந்தியது என்பதால் என் 8 லட்சத்துக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. உரிமையாளரிடமிருந்து தவணை தவணையாக 5 லட்சம் வந்தது. மீதிக்கு இன்னும் நடக்கிறேன்.

பதில் 2: வைகைக்கரை

மேலே எழுதியவரின் இழப்பு வருத்தத்துக்குரியது. ஆனால் முறையின் மேலேயே பழி போடுவதை ஏற்க முடியவில்லை. மதுரைப் பக்கம் ஒத்திக்கு, அதாவது மொத்தப் பணம் வாங்கிக்கொண்டு மாத வாடகையின்றி, வீடு விடுவதும் எடுப்பதும் சர்வ சாதாரணம். என் பெற்றோர் ஒத்தி வீட்டில்தான் எங்களை வளர்த்தார்கள். இப்போது நான் என் மாடி வீட்டை ஒத்திக்கு விட்டிருக்கிறேன். நான் வங்கியால் விரட்டப்பட்டவன் அல்லன், தங்கையின் திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பிழை ஒத்தியில் இல்லை, அதை எழுதும் விதத்தில் இருக்கிறது. சுவாதீன ஒத்தி அல்லது போக்கியம் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே ஏற்றுக்கொண்ட ஓர் அடமான வகை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் உள்ள விற்பனை, அடமானப் பதிவுகளின் பட்டியல்) ஏறிவிடும்; அதன்பின் உரிமையாளர் வீட்டை விற்றாலும் வாங்குபவர் உங்கள் ஒத்திக்கு உட்பட்டுத்தான் வாங்க வேண்டும். சென்னையில் லீஸ் என்ற பெயரில் புழங்குவது பெரும்பாலும் பதிவே இல்லாத காகிதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. எனவே 3 ஆண்டு என்று எழுதிப் பதியாமல் விட்ட தாளைக் கொண்டு நீதிமன்றத்தில் அந்த 3 ஆண்டை நிலைநாட்ட முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது, பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. இணையத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்கடன் இருந்தால், உரிமை ஆவணங்களை வங்கியிடம் ஒப்படைத்த பதிவு பெரும்பாலும் அதில் தெரியும். கடன் தீர்ந்திருந்தால் அதற்கு எதிராக ரசீதும் இருக்க வேண்டும். பிறகு அசல் கிரயப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகல்தான் இருக்கிறது, அசல் ஊரில் அண்ணனிடம் இருக்கிறது என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து, பதிவு செய்ய மட்டும் அவர் தயங்கினாலும் அதே வணக்கம்தான்.

பதில் 3: கணக்கன்

ஃபிளாட் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். 52 லட்சம் என்பது விற்பவர் சொல்லும் விலை, உங்களுக்கு ஆகும் செலவு அதுவன்று. கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரும். ஆக 41 லட்சத்து 60 ஆயிரம் கடன், 10 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் கைப்பணம். விலை 45 லட்சத்துக்கு மேல் இருப்பதால் ஒரு சதவீதம் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் சலுகை கிடைக்காது; கட்டுமானத்தில் உள்ள வீடு என்பதால் 5 சதவீதம், அதாவது 2 லட்சத்து 60 ஆயிரம். பதிவுச் செலவு, 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு, நிலப்பங்கும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பின் மேல் வருகிறது: 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். உங்களுக்கு 3 லட்சத்து 64 ஆயிரம். இவற்றைக் கூட்டினால் 16 லட்சத்து 64 ஆயிரம். உங்களிடம் இருப்பது 14. அலமாரி, மின்விசிறி, கிரகப்பிரவேசம் எதையும் நான் சேர்க்கவில்லை. பேரம் பேசி 50 லட்சத்துக்குக் கொண்டுவந்தால் பதிவில் மட்டும் 64,000 ரூபாய் குறையும், முயன்று பாருங்கள்.

வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 36,100 ரூபாய். முதல் மாதத் தவணையில் ஏறத்தாழ 29,500 வட்டிக்கே போய்விடும், 6,600தான் அசலில் கழியும். உங்கள் மாமனாரின் பெருங்காயம் இங்கேயும் கரையத்தான் செய்கிறது, வங்கியின் தண்ணீரில். வீடு கட்டி முடியும்வரை, வங்கி அதுவரை விடுவித்த தொகைக்கு வட்டியும் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்ந்து விழும். உண்மையில் குடும்பங்கள் மூச்சுத் திணறுவது அந்தக் காலத்தில்தான். புதிய வருமான வரி முறையில் இருந்தால் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

கையில் 20 லட்சம் சேரும்வரை பொறுக்கலாம் என்பது என் கருத்து. அப்போதும் ரெரா (கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவெண் இல்லாத திட்டத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கும் கட்டுநருக்கு, ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பதில் 4: மாடிவீடு

நானும் வாடகைக்காரன்தான். வாடகையிலேயே இருப்பதென்றால் அதையாவது ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகைக்கு உச்சவரம்பு எதையும் இந்தச் சட்டம் வைக்கவில்லை. எனவே 20,000 கேட்பது குற்றமாகாது. ஆனால் உயர்வை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் ‘அடுத்த மாதம் முதல்’ என்ற பேச்சு எழாது. 4 ஆண்டாக ஒரே வாடகையில் இருந்திருந்தால் 18,500க்குப் பேசிப் பாருங்கள்; புது ஆள் வந்தால் வெள்ளையடிப்பதும், ஒரு மாதம் பூட்டிக்கிடப்பதும் அவருக்கும் நட்டந்தான். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: குரோம்பேட்டைக் குடித்தனம்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை அவர்கள் சொன்னபடி நேற்றிரவு மேடவாக்கம் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். வங்கிக்கு ஆவணம் ஒப்படைத்த பதிவுகள் இரண்டு இருக்கின்றன, 2014இல் ஒன்று, 2021இல் ஒன்று. தீர்வு ரசீது 2014ஆம் ஆண்டுக் கடனுக்கு மட்டுமே இருக்கிறது. இன்று காலை அவரைக் கைபேசியில் அழைத்து இரண்டாவதைப் பற்றிக் கேட்டேன். அது சிறிய தொகை, என் 12 லட்சம் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் அடைக்கப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டை உரிமையாளரிடம் 18,500க்குப் பேசப்போகிறேன்.