கரப்பானுக்கு போரிக் உருண்டை வச்சும் பலன் இல்லை, எங்கே தப்பு?

மணத்தக்காளி:
சமையலறையில் சின்னக் கரப்பான். வெளிர் பழுப்பு நிறம், கழுத்துப் பக்கம் ரெண்டு கறுப்புக் கோடு. ஸ்ப்ரே வேண்டாம்னு போரிக் ஆசிட், மைதா, சர்க்கரை பிசைஞ்சு எலுமிச்சம்பழ அளவு உருண்டையா வச்சு பத்து நாளாச்சு. கல்லு மாதிரி காய்ஞ்சு அப்படியே கிடக்கு. பவுடரையும் கோடா போட்டிருக்கேன், சுத்திக்கிட்டுப் போகுது. கிராம்பு, பிரிஞ்சி இலையும் வச்சாச்சு. வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை உண்டு. இன்னொண்ணு: பாத்ரூம் டைல்ஸ் உப்புக்கறைக்கு வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து ஊத்தினா நல்லா நுரைக்குது, கறை மட்டும் போகல.

போர்_தண்ணி:
கிராம்பும் இலையும் வாசனைக்குத்தான், தூக்கிப் போடுங்க. போரிக் நல்ல மருந்துதான், வச்ச விதம் தப்பு. கரப்பான் அதைத் தின்னணும், இல்லேன்னா கால்ல மீசையில ஒட்டினதை நக்கணும். கோலம் மாதிரி கோடு போட்டா ஒதுங்கித்தான் போகும். காலி டால்கம் பவுடர் டப்பாவில் அடைச்சு, பிதுக்கினா புகை மாதிரி படியணும். கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம இருந்தாப் போதும். ஈரம் பட்டா கட்டி பிடிச்சுடும், அதனால சிங்க் அடியில் குழாய் கசிவை முதல்ல அடைங்க.

உருண்டைக்கு போரிக் 2 ஸ்பூன், மைதா 2, பொடிச்ச சர்க்கரை 1, எண்ணெய் கால் ஸ்பூன். பாலில் பிசைஞ்சா புளிச்சுப் போகும், வெல்லப்பாகில் பிசைங்க; சீக்கிரம் காயாது. அளவு பட்டாணிதான். வாட்டர் பாட்டில் மூடியில் வச்சு ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல் இடுக்கு, மிக்ஸி பின்னாடி வைங்க. வெட்டவெளி மூலையில் வச்சா வராது, அதுக்கு இடுக்குதான் வீடு. வாரத்துக்கு ஒருமுறை புதுசு மாத்துங்க. பக்கத்துலயே ஸ்ப்ரே அடிச்சா உருண்டையை அண்டாது.

நீங்க சொல்ற அடையாளம் ஜெர்மன் கரப்பான். ஒரு முட்டைக் கூட்டில் முப்பது நாப்பது குஞ்சு, பொரிக்கிற வரைக்கும் தாய் சுமந்துக்கிட்டே திரியும். அதனால ஒரு வாரத்தில் முடியாது, ரெண்டு மாசம் விடாம வைங்க. பெரிய செங்கரப்பானா இருந்தா கதை வேற: அது சாக்கடைப் பூச்சி. நானி ட்ராப்பில் (பாத்ரூம் தரையில் தண்ணி போற குழி) தண்ணி வத்தாம ஒரு மக் ஊத்தி, அதன் ஜாலி மேல கொசுவலை போட்டாலே பாதி குறையும்.

படிகாரம்:
மேலே சொன்னது சரி. ஆனா குழந்தை இருக்கு, கவனிச்சீங்களா? போரிக் தின்னா குழந்தைக்கும் விஷம்தான். இனிப்பு உருண்டை, அதுவும் தவழ்ற உயரத்தில்! கை எட்டாத இடுக்கில் மட்டும் வைங்க, மூடியை டேப் போட்டு ஒட்டுங்க. பிசையுற கிண்ணமும் ஸ்பூனும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. தரை மட்டத்துக்கு ஒட்டுப்பொறி அட்டையே போதும். கண்ணெதிரே ஓடுறதுக்கு அரை லிட்டர் தண்ணியில் 2 ஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து பீய்ச்சுங்க. உடம்போர மூச்சுத்துளைகள் அடைபட்டு விழும்.

உப்புக்கறை: வினிகர் புளிப்பு, சோடா காரம். சேர்த்தா ஒண்ணையொண்ணு முறிச்சுக்கும். அந்த நுரை வெறும் வாயு, மிஞ்சுறது ஏறக்குறைய உப்புத்தண்ணி. சிட்ரிக் ஆசிட் 50 கிராம் 1 லிட்டர் வெந்நீரில் கரைச்சு, பழைய துணியை நனைச்சு டைல்ஸில் ஒட்டி 20 நிமிஷம் விட்டுத் தேய்ங்க. கடப்பாக்கல், மார்பிள், மொசைக் பக்கம் போயிடாதீங்க. அதெல்லாம் சுண்ணாம்புச் சத்துள்ள கல், பளபளப்பு போய்ச் சொரசொரன்னு ஆயிடும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் எந்த ஆசிடும் ஊத்தவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

மணத்தக்காளி:
நன்றிங்க. கேரம் பவுடரே போரிக்தான்னு சொல்றாங்க, அது போதுமா? இதே உருண்டையை எறும்புக்கும் வைக்கலாமா?

போர்_தண்ணி:
கேரம் பவுடர்னு விக்கிற எல்லாமே போரிக் இல்லை, சிலது வெறும் மாவு. மெடிக்கல் ஷாப்பில் லேபிள் பார்த்து வாங்குங்க. எறும்புக்கு இந்த வீரியம் ஆகாது: தின்ன இடத்திலேயே செத்தா புத்துக்கு எதுவும் போய்ச் சேராது. அரை லிட்டர் தண்ணியில் சர்க்கரை 50 கிராம், போரிக் 5 கிராம் கரைச்சு, பஞ்சில் நனைச்சு எறும்புச் சாரையை ஒட்டி வைங்க. முதல் ரெண்டு நாள் கூட்டம் அதிகமாகும். அப்போ துடைக்கவும் வேண்டாம், சாக்பீஸ் கோடு போடவும் வேண்டாம்.