500 ஜிபி ஹார்டு டிஸ்க் பழுதாகிறது: செக்டிஸ்க் ஓட விடலாமா, முதலில் நகல் எடுக்க வேண்டுமா?

தெம்பனிஸ் வாணி:

அம்மாவின் பழைய லேப்டாப். 4-ஆம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், 500 ஜிபி 5400 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. திறக்கவே கால் மணி நேரம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்கிறது, ஆனால் வேகம் நொடிக்கு 1 எம்பியைக்கூடத் தொடுவதில்லை. ஈவென்ட் வியூவரில் 7, 153 ஆகிய எண்களில் டிஸ்க் பிழைகள் வரிசையாக விழுகின்றன.

டிஸ்க்கின் நலனைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கை. 05-இல் 24, சி5-இல் 158, சி6-இல் 158, சி7-இல் 0. டக் டக் என்ற சத்தம் இல்லை. கடைசியாகத் திறந்தபோது செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி) தானாகத் தொடங்கி 27 விழுக்காட்டில் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்தி அணைத்து, அப்படியே வைத்திருக்கிறேன்.

உள்ளே 180 ஜிபி குடும்பப் படங்கள், வேறு நகல் கிடையாது. செக்டிஸ்க்கை முழுதாக ஓட விட்டால் சரியாகுமா? ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும் என்கிறார்களே? படங்களை எடுத்தபின் எஸ்எஸ்டி போட்டு இதே லேப்டாப்பை ஓட்ட முடியுமா?

ரோச்சோர் முனை:

அணைத்து வைத்தது நல்லது. இனி விண்டோஸுக்குள் போகவே போகாதீர்கள். அது திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்டெக்ஸ், அப்டேட், பேஜ் ஃபைல் என்று அந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும்.

முதலில் உங்கள் எண்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல மதிப்புகளை ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில் காட்டும். அதனால் சி5-இல் உள்ள 158 உண்மையில் 344 செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கூறுகள்), 05-இல் உள்ள 24 என்பது 36. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ் போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் நேராகத் தெரியும். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே ஒதுக்கி மாற்றிடம் கொடுத்துவிட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6 என்பது டிஸ்க் தன் சோதனையில் சரிசெய்ய முடியாமல் போனவை. உங்களுக்குச் சி5 மிக அதிகம். சி7 என்பது தரவு கடத்தும்போது நேரும் பிழைகள். அது சுழி என்பதால் கேபிள், கனெக்டர்மேல் சந்தேகம் வேண்டாம், தரவு பதியும் தட்டோ அதைப் படிக்கும் ஹெட்டோதான் தேய்கிறது.

காத்திருக்கும் செக்டரில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் டிஸ்க் அதை மாற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். எழுதிய அந்த நொடியில் பழைய தரவு போய்விடும். இப்போது செக்டிஸ்க்கை யோசியுங்கள். ஆர் சுவிட்சோடு (கட்டளையில் சேர்க்கும் /r குறி) ஓடினால் அது டிஸ்க் முழுவதையும் படிக்கும், படிக்க முடியாத இடங்களைக் கெட்டவை என்று குறிக்கும், கோப்பு அட்டவணையைத் தன் போக்கில் திருத்தும், துண்டுகளை ஃபவுண்ட்.000 கோப்புறையில் கொட்டும். கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல. நலிந்த டிஸ்க்கில் நகல் எடுக்கும் முன் அதை ஓட்டவே கூடாது.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். டிஸ்க்கில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. குளிர்ந்த டிஸ்க்கை நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் உள்ளே தட்டின் மேலேயே நீர் படியும், ஹெட் அதில் உரசும். அதன்பின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் பயன் குறைவு.

நள்ளிரவு டெர்மினல்:

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். தேவையானவை: ஒரு யுஎஸ்பி பென்டிரைவ், 1 டிபி வெளி டிஸ்க் (எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஃபார்மட், ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது), ஒரு மேசை மின்விசிறி.

வேறு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ (பென்டிரைவிலிருந்தே ஓடும் மீட்பு லினக்ஸ்) இறக்கி ரூஃபஸ் மூலம் பென்டிரைவில் எழுதுங்கள். பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கிறது. லேப்டாப்பின் பயோஸில் செக்யூர் பூட்டை அணைத்துப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டரில் மாட்டாமல் லேப்டாப்பின் சொந்த சாட்டா போர்ட்டிலேயே விடுவது மேல். கெட்ட செக்டரில் டிஸ்க் தடுமாறும்போது பல அடாப்டர்கள் இணைப்பையே துண்டித்துவிடும். வெளி டிஸ்க்கை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். அதில் 500 ஜிபி எழுத, மூல டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் 2 மணி நேரம் போதும். யுஎஸ்பி 2 என்றால் 4 மணி நேரம். உங்களுடையது நலிந்தது, இதைவிட நீளும்.

எது மூலம், எது இலக்கு என்று, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் கொள்ளளவும் மாடல் எண்ணும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிடிரெஸ்க்யூவில் முதலில் மூலம், அடுத்து இமேஜ் கோப்பு (முழு டிஸ்க்கின் நகல்), மூன்றாவதாக மேப் கோப்பு (எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு). வரிசை மாறினால் எல்லாம் அழிந்துவிடும், எண்டர் தட்டும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்ப்பது நல்லது. மேப் கோப்பு வெளி டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். பென்டிரைவ் லினக்ஸ் ரேமில் ஓடுவதால், அங்கே வைத்தால் அணைத்ததும் போய்விடும். மேப் இருந்தால் மின்சாரம் போனாலும், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் சுற்றை ஹைபன் என் (-n) சுவிட்சோடு ஓட்டுங்கள். எளிதில் வருவதையெல்லாம் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளைத் தோண்டாமல் தாண்டிப் போகும். அது முடிந்தபின் அதே மேப்போடு ஹைபன் டி, ஹைபன் ஆர்3 (-d -r3) போட்டு இரண்டாம் சுற்று. அப்போதுதான் மீதமுள்ளவற்றைச் செக்டர் செக்டராகச் சுரண்டி, மூன்று முறை முயலும். தொடக்கத்திலேயே சுரண்ட விட்டால், 344 செக்டருக்காக மல்லுக்கட்டி டிஸ்க் செத்துப்போகும். நல்ல 499 ஜிபியும் உள்ளேயே தங்கிவிடும்.

அடிமூடியைக் கழற்றி டிஸ்க்குக்கு மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். அறையே 30 டிகிரி இருக்கும் ஊரில் மூடிய லேப்டாப்புக்குள் சூடு எளிதில் 50-ஐத் தாண்டும்.

நடுவில் டக் டக் என்று ஒரே தாளத்தில் கேட்டால் அந்த நொடியே பவரை நிறுத்துங்கள். அது ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும் சத்தம். தட்டைக் கீறும் வாய்ப்பு உண்டு. அதன்பின் தூய அறை உள்ள தரவு மீட்பு நிறுவனம்தான். அதே மாடல் சர்க்யூட் பலகை வாங்கி மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அந்தப் பலகையின் ரோம் (ROM) சிப்பில் உள்ளன, அதையும் மாற்றிப் பொருத்தினால்தான் ஓடும்.

கிளமெண்டி 77:

முழு டிஸ்க்கையும் எடுக்க வேண்டுமா? 180 ஜிபி படங்கள்தானே. பென்டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து (இணைத்துத் திறந்து) அந்தக் கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் டிஸ்க்குக்கு வேலை குறையுமே. இன்னொன்று, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறையாக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் இமேஜ் எடுத்தும் பயனில்லை. அம்மாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கலாம்.

நள்ளிரவு டெர்மினல்:

பிட்லாக்கர் பற்றிச் சொன்னது முக்கியம், வாணி முதலில் அதைப் பாருங்கள். கோப்புறை நகலைப் பற்றி எனக்கு உடன்பாடில்லை. சி5 ஐந்தோ பத்தோ என்றால் நானும் அதையே சொல்வேன். 344 இருக்கும்போது, கோப்பாக நகலெடுத்தால் ஹெட் தட்டு முழுக்கத் தாவித் தாவி ஓடும். கெட்ட செக்டரில் சிக்கினால் அந்தக் கோப்பிலேயே பல நிமிடம் நிற்கும். வரிசையாகப் படிப்பதுதான் ஹெட்டுக்கு இலகு. ஒரே ஒரு விதிவிலக்கு: கட்டாயம் வேண்டிய சில கோப்புகள், ஒரு ஜிபிக்குள் இருந்தால், அவற்றை மட்டும் முதலில் எடுங்கள்.

தெம்பனிஸ் வாணி:

பிட்லாக்கர் இல்லை. இரண்டு சுற்றும் முடிந்தன. 99.99 விழுக்காடு வந்திருக்கிறது, கெட்ட பகுதி 11 எம்பி என்று காட்டுகிறது. படங்கள் திறக்கின்றன, ஆனால் எது பாழ் என்று ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திறந்தா பார்ப்பது?

நள்ளிரவு டெர்மினல்:

மிக நல்ல விளைவு. பழைய டிஸ்க்கை இப்போதே கழற்றி உறையில் போட்டு எடுத்து வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

பாழான கோப்பைக் கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவிலேயே ஃபில் மோட் (நிரப்பும் முறை) உண்டு. எந்தக் கோப்பிலும் வர வாய்ப்பில்லாத ஒரு சொற்றொடரைச் சிறு உரைக்கோப்பில் எழுதி, அதை மூலமாகக் கொடுங்கள். இமேஜில் படிக்க முடியாமல் போன இடங்களில் மட்டும் அந்தச் சொல் நிரப்பப்படும். மேப் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, இதற்கு அந்த நகலைப் பயன்படுத்துங்கள். பிறகு இமேஜைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து, கிரெப் என்ற தேடல் கட்டளை மூலம் அந்தச் சொல் உள்ள கோப்புகளைத் தேடினால் பட்டியல் வந்துவிடும். ஜேபெக் படமென்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே சாம்பல் நிறமாகவோ நிறம் பிறழ்ந்தோ இருக்கும், மேல்பகுதி தப்பியிருக்கும். கோப்புறையே காணவில்லை என்றால் அடிபட்டது கோப்பு அட்டவணை. அப்போது ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்பு மென்பொருளை இமேஜ் மேல் ஓட்டுங்கள், பெயர்கள் போகும், படங்கள் வரும்.

ரோச்சோர் முனை:

எஸ்எஸ்டி கேள்வி பாக்கி இருக்கிறது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன். பழைய டிஸ்க் 9.5 மிமீ என்றால் ஆடாமல் இருக்க ஸ்பேசர் சட்டம் வேண்டும், பல எஸ்எஸ்டி பெட்டியிலேயே வரும். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் வாங்குவதானால் கழற்றிய டிஸ்க்கைக் கையில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். அந்த இமேஜை எஸ்எஸ்டியில் எழுத வேண்டாம், 11 எம்பி ஓட்டை விண்டோஸ் கோப்புகளிலும் இருக்கலாம். புதிதாக நிறுவுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. 4-ஆம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இல்லை. எனவே அம்மாவின் இணையம், கடிதம், காணொளிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போதும். தமிழ்99 தட்டச்சு, ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். பழைய ரேமின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்றிருந்தால் 1.35 வோல்ட் வகைதான் வாங்க வேண்டும், எல் இல்லாத 1.5 வோல்ட் வகை இயங்காமல் போகலாம்.

படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமானபின் பழைய டிஸ்க்கை அழிக்கலாம். மென்பொருளால் அழித்தால் ஒதுக்கப்பட்ட 36 செக்டர்களில் எட்டாது, உடைப்பதே வழி. லேப்டாப் டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. தடித்த துணியில் சுற்றி, கண்ணுக்குக் காப்பு அணிந்து சுத்தியலால் அடியுங்கள். துண்டுகளை டேப் ஒட்டிய பையில் போட்டு மின்கழிவுத் தொட்டியில் சேர்க்கலாம். வீட்டுக் குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டாம், குப்பை எடுப்பவர் கையைக் கிழிக்கும்.