ஆடியில் பழுத்த புல்: புல்தரைப் பூச்சிகளோடு எங்கள் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து

வீட்டு முன்னால் ஐந்நூறு சதுர அடியில் கொரியன் புல் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நான் பட்டதை எழுதுகிறேன். புல் பழுத்ததும் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறக்கிற யாருக்காவது உதவும்.

தை மாதம் புல் பதித்தோம். பங்குனிக்குள் மண் தெரியாமல் மூடிவிட்டது. சித்திரையில் கோடை மழை இறங்கிய அன்று ராத்திரி, பழுப்பு நிற வண்டுகள் வராந்தா விளக்கில் மோதி டொப் டொப்பென்று விழுந்தன. காலையில் பெருக்கித் தள்ளினோம். எதிரே நிற்கிற வேப்பமரத்தில் இலையெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. அதையும் பார்த்தேன், இதையும் பார்த்தேன். இரண்டுக்கும் என் புல்லுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஆடி பிறந்ததும் ஒரு மூலையில் தாம்பாளம் அளவுக்கு மஞ்சள் விழுந்தது. புல் பதித்துத் தந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆடிக் காத்துக்குக் காயுது அண்ணாச்சி, தண்ணியைக் கூட்டுங்க" என்றார். காலையும் மாலையும் ஊற்றினேன். திட்டு பெரிதாகிக்கொண்டே போயிற்று. மைனாக்களும் உண்ணிக்கொக்குகளும் அந்த இடத்திலேயே வந்து கொத்தின. பேத்தி அவற்றை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு ஆச்சி. நாங்குநேரிப் பக்கம் கடலை விவசாயம் பார்த்தவர். குனிந்து, பழுத்த இடத்தில் ஒரு கைப்பிடி பிடித்து இழுத்தார். பாயைச் சுருட்டினாற்போல புல் அப்படியே சுருண்டு வந்தது. அடியில் வேரே இல்லை. மண் பொலபொலவென்று கிடக்க, அதற்குள் புழுக்கள்: சுண்டுவிரல் பருமன், பால் வெள்ளை, தலை மட்டும் தேன் நிறம். வால் பக்கம் தோலுக்குள்ளே, தின்ற மண் கறுப்பாகத் தெரிந்தது. வெளிச்சம் பட்டதும் அரைவட்டமாகச் சுருண்டுகொண்டன.

"கடலைக்காட்டு வேர்ப்புழுல்லா ஐயா இது! வேரே இல்லாத புல்லுக்குத் தண்ணி ஊத்தி என்ன செய்ய?"

ஒரு சதுர அடி வெட்டி எண்ணிப் பார்த்தேன். பதினான்கு. ஐந்தாறுக்குள் இருந்தால் வேர் நன்றாக இறங்கிய புல் தாங்கிக்கொள்ளும். பதினான்கைத் தாங்காது.

சித்திரையில் விளக்கில் விழுந்த வண்டுகளின் பிள்ளைகள்தான் இவை. கோடை மழை நனைத்ததும் வண்டு மண்ணைவிட்டு வெளியே வரும். ராத்திரி வேம்பு, முருங்கை இலையைத் தின்னும். ஈரமான மண்ணில் இறங்கி முட்டையிடும். பொரித்த புழு அடியிலேயே வேரைத் தின்று வளர்ந்து, ஆடி ஆவணியில் பெரும்பசியோடு இருக்கும். அந்த நேரம்தான் நம் ஊரில் காற்றும் வெயிலும் மண்ணை உலர்த்துகிற நேரம். அதனால் பழி காற்றின் மேல் போகிறது.

ஃபோரேட் என்கிற பூச்சிக்கொல்லிக் குருணை தூவினால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாட்டில் அந்த மருந்துக்கே தடை. தடை இல்லாவிட்டாலும், பேத்தி வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில், கொக்கு கொத்துகிற இடத்தில் அதைப் போட எனக்கு மனசு வராது.

நான் வாங்கியது மெட்டாரைசியம் என்கிற பூஞ்சைப் பொடி. ஒரு கிலோவை இரண்டு கூடை மக்கின எருவில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் மூடி வைத்தேன். பழுத்த புல்லை அகற்றி, கைக்கு அகப்பட்ட புழுவையெல்லாம் பொறுக்கிவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு தூவித் தண்ணீர் விட்டேன். வெயில் பட்டால் பூஞ்சை செத்துப்போகும். உடனே பலன் தெரியாது, பொறுமை வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தோண்டியபோது, பச்சைப் பொடி பூசினதுபோல இறுகிப்போன ஒரு புழு கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கொழுத்த புழுவுக்கும் இப்படி ஒரு நோய் வரும் என்று அன்றுதான் நம்பினேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து

எங்களுக்கு வேர்ப்புழு இல்லை, பிள்ளைப்பூச்சி. கன்னடியன் கால்வாய் பக்கத்திலேயே ஓடுவதால் மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும், அதற்கு அதுதான் பிடிக்கும். விரல் தடிமனில் மண் மேடிட்டு, புல்லுக்கு அடியில் கோடு கோடாக ஓடும். மிதித்தால் பொத்தென்று அமுங்கும். மேலே இருக்கிற புல் வேர் காய்ந்து கருகிவிடும்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. நாலு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டி கலந்து, மூன்றடிக்கு மூன்றடி இடத்தில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டிபோல இருக்கும். அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். வேர்ப்புழு இதற்கு மேலே வராது, அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் அந்தியில் ஊற்றி, வந்ததையெல்லாம் பொறுக்கினோம். தினமும் கொஞ்சம் தெளிப்பதை நிறுத்தி, மண் சற்று உலர்ந்த பிறகு ஆழமாக நனைய விடுகிறோம். வேர் கீழே இறங்கியிருக்கிறது.

களக்காட்டிலிருந்து

பள்ளி மைதானத்து அருகம்புல்லைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு, சாயங்காலம் பச்சையாக இருந்த தரை காலையில் வெறும் தண்டாக நின்றது. பக்கத்து வயலிலிருந்து படைப்புழு இறங்கியிருந்தது. பகலில் புல்லின் தூரில் ஒளிந்துகொள்ளும், ராத்திரி தின்னும். வாத்து மேய்க்கிறவர் ஊருக்கு வந்திருந்தார். கேட்டதும் இரண்டு நாள் வாத்துகளை மைதானத்தில் இறக்கிவிட்டார். ஒரு புழு மிச்சமில்லை.

தரையைக் கொத்திப் புதுப்புல் போடச் சொன்னார்கள். நான் விடவில்லை. படைப்புழு இலையைத்தான் தின்னும். அருகுக்கு உயிர் மண்ணுக்குள் ஓடுகிற கொடியில் இருக்கிறது. பதினைந்து நாளில் மறுபடி தழைத்தது.

மறுபடி பாளையங்கோட்டையிலிருந்து

வெட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் பிளேடு மழுங்கியிருந்தால் புல்லின் நுனி கிழிந்து வெளுத்துப்போகும். தூரத்திலிருந்து பார்த்தால் பூச்சி விழுந்ததுபோலவே இருக்கும். நுனியை உட்கார்ந்து உற்றுப் பாருங்கள். இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். ஒட்ட வெட்டின புல்லுக்கு வேரும் குறுகும்.

இப்போது வருஷா வருஷம் கோடை மழை பெய்த அன்றே வேலையைத் தொடங்கிவிடுகிறோம். ராத்திரி ஏழரை மணிக்கு வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, தொரட்டியால் கிளையை உலுக்கி, விழுகிற வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவோம். இந்தச் சித்திரையில் ஆச்சியும் டார்ச் லைட்டோடு வந்து நின்றார். பேத்தி வாளியைப் பார்த்து எண்ணிச் சொன்னாள்: நூற்றுப் பன்னிரண்டு. ஆடியில் ஒரு சதுர அடி வெட்டிப் பார்த்தேன், இரண்டு புழுதான் இருந்தது.