‘கெட்டியாக்கி’ வேண்டாம், ‘தடிப்பி’ என்போமா?

வணக்கம்.

குழம்பிலும் கூழிலும் கரைத்துவிடும் மாவுக்கு, அதாவது ஆங்கிலத்தில் thickener என்பதற்கு, ‘கெட்டியாக்கி’ என்றே பலரும் எழுதுகிறீர்கள். யாழ்ப்பாணத்தில் கெட்டி என்றால் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருகிறவன். அது போகட்டும். கெட்டி என்ற சொல் திண்மத்தின் பக்கம் இழுக்கிறதே, அதுதான் எனக்கு இடிக்கிறது. கூழ் கெட்டியாவதில்லை, தடிக்கிறது.

ஒடியற்கூழையே எடுங்கள். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மாதான். கைப்புப் போகத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து ஊற்ற வேண்டும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிந்த பிறகே அந்த மாவும் பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேரும். கிண்டக் கிண்ட அகப்பை கனக்கும். “தடிச்சிட்டுது, இறக்கு” என்பார் அம்மா. நாம் தேடும் சொல் அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

சூட்டில் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன, பிசுக்குமை (எளிதில் ஓடாத தன்மை) கூடுகிறது. (தமிழ்நாட்டு நண்பர்கள் மாவுச்சத்து, பாகுநிலை என்று வாசிக்கவும்.) மாவைக் கடைசியில் விடுவதிலும் விஷயம் இருக்கிறது. புளியோடு நெடுநேரம் கொதித்தால் மாப்பொருள் சிதைந்து கூழ் திரும்பவும் நீர்த்துப்போகும்.

‘இறுக்கி’ என்று சொல்லலாமா என ஒருவர் கேட்டிருந்தார். அதைக் கடற்பாசியில் இருந்து எடுக்கும் அகர் அகருக்கு வைத்துக்கொள்வோம். அது ஆறினால் கத்தியால் வெட்டலாம், கூழைப் பனையோலைப் பிளாவில் உறிஞ்சித்தான் குடிக்கலாம்.

தடி என்ற வினைக்குப் பிறவினை தடிப்பி. அதையே பெயராகவும் கொள்ளலாம். ஒடியல் மா, சோளமா, கூவைக்கிழங்கு மா எல்லாம் ‘மாத் தடிப்பி’. பட்டம் ஒட்டும் கோதுமை மாப் பசையையும் வேட்டிக்குப் போடும் கஞ்சியையும் இதற்குள் இழுக்க வேண்டாம். அவற்றுக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் தடிப்பு என்றால் திமிரும்தான். “ஆளுக்குச் சரியான தடிப்பு” என்பார்கள். மாப் பைக்கற்றில் ‘தடிப்பி’ என்று அச்சடித்தால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம், தேங்காய்ப்பால்? அதுவும் கறியைத் தடிக்க வைக்கிறது, ஆனால் கொழுப்பால். முன்னால் ‘மா’ போடாமல் வெறும் தடிப்பி என்று அதையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.