பாட்டில்நெக்: தமிழில் ஒரு சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

விளையாட்டுக் கணினியைத் தாமே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்ட நினைப்பவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். தாய்ப்பலகை, வரைகலை அட்டை, மின்வழங்கி எல்லாம் தடையில்லாமல் ஓடின. ஒரே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது: பாட்டில்நெக். கேமிங் கணினி பற்றி இரண்டு பேர் பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் இது வந்துவிடும். தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

அகராதி பார்த்து முதலில் "இடையூறு" என்று எழுதினேன். "மையச் செயலி வரைகலை அட்டைக்கு இடையூறாக உள்ளது" என்று படித்தால் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி இருக்கிறது. "தடங்கல்" என்றால் மின்சாரம் போய்விட்டதுபோல் தொனிக்கிறது. "நெரிசல்" பேருந்துக்குப் போய்விட்டது. "குப்பிக்கழுத்து" என்று ஓர் இரவு எழுதி வைத்தேன். காலையில் நானே அழித்துவிட்டேன்.

கேமிங் பழக்கமில்லாதவர்களுக்காகப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், இரண்டு கட்ட வேலை உண்டு. யார் எங்கே நிற்கிறார், குண்டு எதில் பட்டது, எதையெல்லாம் வரையவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பட்டியல் கொடுப்பது சிபியு, அதாவது மையச் செயலி. பட்டியலை வாங்கிப் படமாக வரைவது வரைகலை அட்டையில் இருக்கும் ஜிபியு. ஜிபியு ஒரு ஃபிரேமை வரையும்போதே சிபியு அடுத்ததைக் கணக்கிடத் தொடங்கிவிடும். சிபியுவுக்கு ஒரு ஃபிரேமுக்கு 8 மில்லிநொடி, ஜிபியுவுக்கு 5 என்று வையுங்கள். நொடிக்கு 200 ஃபிரேம் வரையத் தெரிந்த அட்டை 125 தான் வரையும். மிச்ச நேரமெல்லாம் பட்டியலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்த 8-க்குத்தான் பெயர் தேடுகிறேன்.

*

மறுமொழி:

> "குப்பிக்கழுத்து" என்று ஓர் இரவு எழுதி வைத்தேன்

தம்பி, அழித்தது நல்லது. ஆங்கிலத்தான் புட்டியைப் பார்த்தான், சொல் பிறந்தது. நாம் எதைப் பார்த்தோம் என்று தேடாமல் அவன் புட்டியின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தால் சொல் வராது.

என் பரிந்துரை "இடுக்கு". கதவிடுக்கு, பல்லிடுக்கு என்று புழக்கத்தில் இருப்பது. குறுகலான இடம் என்பது கேட்டவுடன் தெரியும். "இடுக்கண்" என்று நீட்டலாமா என ஒரு கணம் ஆசை வந்தது. அது வந்தால் நகத்தான் சொல்லியிருக்கிறார்கள், புதுச் செயலி வாங்கச் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

அப்புறம், "செயலி" என்று தனியாக எழுதாதீர்கள். பிராசசருக்கென்று நாங்கள் வைத்திருந்த சொல்லைக் கைபேசி ஆப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். "செயலியைப் பதிவிறக்குங்கள்" என்று இன்று நாளிதழே எழுதுகிறது. "மையச் செயலி" என்று முழுதாகவே எழுதுங்கள். இல்லையேல் யாராவது பிராசசரைப் பதிவிறக்கப் பார்ப்பார்.

*

மறுமொழி:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். கணினி பூட்டிக் கொடுப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, இடுக்கில் பொருள் மாட்டிக்கொள்ளும், வெளியே வராது. பாட்டில்நெக்கில் எதுவும் மாட்டுவதில்லை. வந்துகொண்டேதான் இருக்கும், வரும் அளவை அது தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன்.

என்னைத் தினமும் அரிப்பது வேறு. பாகம் தேர்ந்தெடுக்க வருகிறவர்கள் "இந்தச் சிபியு போட்டா பாட்டில்நெக் வந்துடுமாக்கா?" என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்தால் காய்ச்சல் வந்துடுமா என்கிற அதே குரல். வராது என்று நான் சத்தியம் செய்யவேண்டும். இரண்டு பாகங்களின் பெயரைப் போட்டால் "12 சதவீதம் பாட்டில்நெக்" என்று எண் காட்டும் இணையதளங்கள் வேறு இருக்கின்றன. என்ன விளையாட்டு, என்ன திரை என்று முழுதாகக் கேட்காமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

அண்ணன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சிபியு 8, ஜிபியு 5. இது 1920×1080 திரையில். அதே கணினியில் 3840×2160 திரையை மாட்டுங்கள். புள்ளிகள் சரியாக 4 மடங்கு: ஏறத்தாழ 21 லட்சம் 83 லட்சமாகிறது. ஜிபியுவின் 5 மில்லிநொடி 16-க்கு ஏறிவிடும் என்று வையுங்கள். சிபியுவின் 8 பெரும்பாலும் அப்படியே இருக்கும். திரை பெரிதானதால் குண்டுகள் கூடிவிடவில்லையே. இப்போது நொடிக்கு 62 ஃபிரேம்தான், ஆனால் காத்து நிற்பது சிபியு. ஒரு பாகத்தையும் மாற்றவில்லை, பாட்டில்நெக் மட்டும் இடம் மாறிவிட்டது. நேற்று "இடையூறு" என்று திட்டிய சிபியு இன்று என்ன பாவம் செய்தது, என்ன புண்ணியம் செய்தது?

ஆகவே தடை, குறை, இடையூறு போன்ற பழி சொல்லும் சொல் எதுவும் வேண்டாம். ஓடுகிற கணினியில் எங்காவது ஓர் இடம் இப்படி இருந்தே தீரும். எங்கே இருக்கவேண்டும் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். என்னைக் கேட்டால் விளையாட்டுக் கணினியில் அது ஜிபியுவில் இருப்பதே நல்லது. நிழலைக் குறைத்து, ரெசல்யூஷனை (வரையவேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கையை) குறைத்து ஜிபியுவின் சுமையை இறக்கிவிடலாம். சிபியுவில் மாட்டினால் இறக்குவதற்கு அவ்வளவு பிடி கிடையாது, ஃபிரேமும் சீராக வராமல் திக்கித் திக்கி வரும்.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறதே: மடை. ஏரி எவ்வளவு பெரிதானாலும் வயலுக்கு வருவது மடையளவுத் தண்ணீர்தான். மடை குற்றவாளி இல்லை. "இந்த விளையாட்டுக்கு மடை சிபியு, அந்த விளையாட்டுக்கு மடை ஜிபியு" என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சல் போய்விடும்.

*

மறுமொழி:

எல்லாரும் "பாட்டில்நெக்" என்றே சொல்கிறார்கள், அப்படியே எழுதிவிட்டுப் போங்களேன். ரேம், ஃபிரேம், மானிட்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? மடை என்றால் இன்றைய பையன்கள் "மடையா" என்று திட்டுவதாக நினைப்பார்கள்.

*

மறுமொழி:

> ரேம், ஃபிரேம், மானிட்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு

நல்ல கேள்வி. ரேம் ஒரு பொருள். கையில் எடுத்துக் காட்டி "இதுதான்" என்று சொல்லிவிடலாம். பெயர் எந்த மொழியில் இருந்தாலும் வேலை நடக்கும். பாட்டில்நெக் பொருள் இல்லை, உவமை. உவமையைக் கடன் வாங்கினால் ஒலி மட்டும் வரும், படம் வராது. படம் வராததால்தான் நம் பிள்ளைகள் அதை நோய் என்று நினைக்கிறார்கள். அம்மணி சொன்ன காய்ச்சல் அங்கே தொடங்குகிறது.

ஆனால் அம்மணிக்கும் ஒரு தடை சொல்லவேண்டும். மடை என்றவுடன் தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது "மடை திறந்தாற்போல்". அது பெருக்கெடுப்பது. "ஜிபியு மடையாகிவிட்டது" என்றால் ஃபிரேம் வெள்ளமாகக் கொட்டுகிறது என்று ஒருவர் புரிந்துகொண்டால் அவர் மேல் குற்றமில்லை. நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர்! மடைப்பள்ளியில் வரும் மடை சோறு. அது நம்மைக் குழப்பாது. மடையன் வேறு கதை, அதைச் சிரித்துக் கடந்துவிடலாம்.

எனவே ஒரு முன்னொட்டு போட்டுக் கட்டவேண்டும். "கடைமடை" ஏற்கெனவே வாய்க்காலின் வால்பகுதிக்கு இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. "குறுமடை" என்கிறேன். குறு என்பதில் சிறுமையும் குறுகலும் சேர்ந்தே வரும். நடுவில் ஒற்று மிகுமா என்ற சண்டையும் இல்லை. வினையோடு சேர்த்துப் பாருங்கள்: குறுமடையாகிறது, குறுமடை இடம் மாறுகிறது, குறுமடையை அகலப்படுத்தலாம். கழுத்தை அகலப்படுத்த முடியுமா? மடையை முடியும்.

*

மறுமொழி:

ஐயா, தங்கை, இருவருக்கும் நன்றி. சொல்லை உட்கார வைத்துப் பார்க்காமல் ஏற்கக்கூடாது என்பதால் கையேட்டின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதினேன். எங்காவது உறுத்துகிறதா, சொல்லுங்கள்.

"முதலில் திரையைத் தீர்மானியுங்கள். 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும்) திரையின் முழு வேகத்துக்கு ஒரு ஃபிரேமுக்கு 6.9 மில்லிநொடிதான் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7. மையச் செயலியும் வரைகலை அட்டையும் தனித்தனியே அதற்குள் தம் வேலையை முடிக்கவேண்டும். முடிக்கத் திணறுவது எதுவோ அதுவே குறுமடை. இரண்டும் முடித்துவிட்டால் குறுமடை திரைதான். அங்கே இருப்பதில் தவறில்லை.

குறுமடை எங்கே என்று கண்டுபிடிக்க விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சிபியுவின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே நேரத்தில் 16 திரெட் (தனித்தனி வேலைத்தொடர்) ஓட்டக்கூடிய மையச் செயலியில் ஒரே ஒரு திரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தத்தில் 6 சதவீதம்தான் காட்டும். வரைகலை அட்டையின் பயன்பாட்டைப் பாருங்கள். 97, 98 என்று நின்றால் குறுமடை அங்கே. 60-இல் அலைபாய்ந்தால், ஃபிரேமுக்கு உச்சவரம்பு ஏதும் நீங்களே வைத்திருக்காதபட்சத்தில், வேறெங்கோ. ஐயமிருந்தால் விளையாட்டின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ஏறவில்லை என்றால் குறுமடை மையச் செயலியின் பக்கம்தான்.

மையச் செயலியின் பக்கம் என்றால் கோர் (அதற்குள் கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கை என்று பாயவேண்டாம். 2023-இல் வந்த ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் கோர் 8 தான். ஆனால் எல்3 கேச் (மையச் செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 96 எம்பி. 16 கோரும் 64 எம்பி கேச்சும் உள்ள ரைசன் 9 7950எக்ஸை அது பெரும்பாலான விளையாட்டுகளில் முந்துகிறது. அங்கே குறுமடை கணக்குப் போடுவதில் இல்லை, கணக்குக்கான தரவு நினைவகத்திலிருந்து வந்து சேர்வதில் இருக்கிறது. இதே காரணத்தால் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குவது மேல். டிடிஆர்4-3200 வகை ரேம் என்றால் ஒரு சேனலில் (ரேமுக்கும் மையச் செயலிக்கும் இடையிலான ஒரு பாதையில்) நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலில் 51.2.

வரைகலை அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பி வழிந்தால் குறுமடை இன்னோர் இடத்துக்குத் தாவும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டைக்கு நினைவகம் 4 ஜிபி, அதனுள் வேகம் நொடிக்கு 144 ஜிபி. வழிந்ததைத் தாய்ப்பலகை வழியாகத்தான் கொண்டுவரவேண்டும். அந்த அட்டைக்கு 4 லேன் (தரவுத் தடம்) மட்டுமே என்பதால், அட்டையைப் பலகையோடு இணைக்கும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஆக உள்ள பலகையில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி, பழைய 3.0 பலகையில் 4. அட்டை அதே அட்டைதான். பழைய பலகையில் மட்டும் திக்குகிறது என்றால் குறுமடை இதுதான்."

அடுத்து மின்வழங்கி பற்றிய பகுதி. "மின்வழங்கி குறுமடையானால்" என்று தொடங்கியிருக்கிறேன். சரியா?

*

மறுமொழி:

அண்ணா, படிக்க நன்றாக ஓடுகிறது. "குறுமடை திரைதான்" என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

மின்வழங்கிக்கு மட்டும் போடாதீர்கள். மின்சாரம் போதாவிட்டால் விளையாட்டு மெதுவாகாது, கணினி பொசுக்கென்று அணைந்துவிடும். அது போதாமை. குறுமடை என்றால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கவேண்டும். சூடாகி வேகம் குறைவதையும் இதில் சேர்க்கவேண்டாம். அங்கே செயலி தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. "திராட்டில்" என்கிறோம், அதற்கு ஐயா தனியாக ஒரு சொல் தரவேண்டும்.

இன்னொரு பெட்டிச்செய்தியும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் செலவில். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கணினி பூட்டினேன். நல்ல அட்டை, நல்ல செயலி. ஓட்டினால் நொடிக்கு 14 ஃபிரேம். ரேமை இடம் மாற்றினேன். டிரைவரை மூன்று முறை அழித்துப் போட்டேன். பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை) இயக்கினேன், அணைத்தேன். அட்டையின் மூன்று விசிறியும் அசையாமல் இருந்தன. அமைதியான அட்டை என்று வாடிக்கையாளரிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. மானிட்டர் கேபிளை வரைகலை அட்டையில் செருகாமல் மேலே தாய்ப்பலகையில் இருந்த எச்டிஎம்ஐ-யில் செருகியிருந்தேன். அத்தனை நேரமும் படம் வரைந்தது சிபியுவுக்குள் இருந்த பொடி வரைகலைதான்.

இதைக் குறுமடைக்கு எடுத்துக்காட்டாகப் போட்டுவிடாதீர்கள். பையன்கள் திட்டுவதாக நினைப்பார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்ன சொல்லுக்கு வேண்டுமானால் போடலாம்.